எழுத்தில் இல்லாத உத்தரவு

"தேதி மட்டும் பாருங்கப்பா. மத்ததுல கை வைக்காதீங்க" என்று சொல்லித்தான் மகள் அந்தத் தாள்களை மேசைமேல் வைத்தாள்.

அவரிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுக் கை வைக்காதே என்பது நடக்கிற காரியமா? மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பென்சிலைச் சீவினார். நாற்காலியை மேசைக்கு இணையாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகே முதல் வரிக்குப் போனார்.

போன மாதம் இறந்துபோன அவருடைய தம்பியின் வாழ்க்கைக் குறிப்பு அது. நீர்வழங்கல் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர் தம்பி. நினைவுக் கூட்டத்தன்று வருகிறவர்கள் கையில் கொடுக்கச் சிறு புத்தகமாக அச்சிடப் போகிறார்கள். எழுதும் பொறுப்பு கல்லூரியில் பாடம் நடத்தும் மூத்தவரின் மகளுக்கு வந்திருந்தது. சித்தப்பாவின் செல்லம் என்பதாலும், குடும்பத்தில் நாலு வரி ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் என்பதாலும், அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. தேதிகளைச் சரிபார்க்கும் பொறுப்பு மூத்தவருக்கு வந்ததிலும் மறுபேச்சு இல்லை. அந்தக் குடும்பத்தில் யார் எப்போது பிறந்தார்கள், எப்போது வேலையில் சேர்ந்தார்கள், எந்த ஊருக்கு எப்போது மாற்றல் ஆனார்கள் என்று தெரிய வேண்டுமானால் அவருடைய இரும்பு பீரோவைத்தான் திறக்க வேண்டும். அதில் நாடா கட்டிய கோப்புகள், முதுகில் தலைப்பெழுதி, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல உயர வரிசையில் நிற்கும்.

"இந்த வீட்டுல ஃபைல் போடாம விட்டு வெச்சிருக்கிறது என்னை மட்டும்தான்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடம் சொல்வாள்.

"உனக்கும் ஒண்ணு இருக்கு. ரெண்டாவது தட்டு" என்பார் அவர், தலையைத் தூக்காமலே.

அலுவலகத்தில் அவருக்குத் தூக்குக்குண்டு என்று பெயர். சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார் நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புக் குண்டு அது. அது ஒன்று எப்போதும் அவர் பையில் கிடக்கும். உறவினர் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் வாசல் நிலையை ஒரு கண் பார்க்காமல் உள்ளே நுழைய மாட்டார். தம்பி பிள்ளைகள் அதைச் சுருக்கிக் குண்டுப் பெரியப்பா ஆக்கிவிட்டார்கள். குச்சியில் சட்டை மாட்டியது போல இருக்கும் மனிதருக்கு அப்படி ஒரு பெயர் ஏன் என்று புதிதாக வருகிறவர்கள் திகைப்பார்கள்.

முதல் பக்கத்தில் இரண்டு தேதிகளைத் திருத்தினார். கல்லூரியில் சேர்ந்த ஆண்டு ஒன்று தள்ளியிருந்தது. 'தந்தையை இளம் வயதில் இழந்தாலும் தமையனின் அரவணைப்பில்' என்ற வரியைப் படித்தபோது பென்சில் சற்று நின்றது. பிறகு நகர்ந்தது.

அரவணைப்பு என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். அப்பா போய்ச் சேர்ந்தபோது மூத்தவர் பள்ளி இறுதி வகுப்பை முடித்திருந்தார். இளையவர் அரைக்கால் சட்டை. கிடைத்த வேலை, வரைபடங்களை நகலெடுக்கும் வேலை. பொறியாளர்கள் பென்சிலில் போட்டதன்மேல் மெழுகுத் துணியை விரித்து மையால் கோடு கோடாக இழுக்க வேண்டும். ஒரு சொட்டு மை சிந்தினால் சவரப் பிளேடால் துணி கிழியாமல் சுரண்ட வேண்டும். பக்கத்து அறையில் நீல நகல் எடுக்கும் இயந்திரம் ஓடும். அதன் அம்மோனியா நெடி சட்டையில் ஏறினால் மூன்று சலவைக்குப் போகாது.

"அண்ணே, நீ தெருமுனையில வரும்போதே உன் சட்டை வீட்டுக்குள்ள வந்துடுது" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவான் தம்பி.

மற்றவர்கள் கோட்டை இழுத்தார்கள். அவர் கோட்டைப் படித்தார். இந்தக் கம்பி ஏன் இங்கே தடிமன், அந்தத் தூண் ஏன் அங்கே அகலம் என்று கேட்டால், "உனக்கெதுக்குய்யா அது, மை காயுது பாரு" என்று பதில் வரும். ஆகவே கேட்பதை விட்டுவிட்டுப் பழைய புத்தகக் கடைகளில் தேடினார். அட்டை போன புத்தகங்களுக்கு அட்டை போட்டார். துறைத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதினார். சிலவற்றில் தோற்று மறுபடி எழுதினார். தலையில் நரை தட்டத் தொடங்கிய நேரத்தில் உதவிப் பொறியாளர் ஆனார். அவர் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதைத் தம்பி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா அண்ணே?" என்பான். அதில் அவருக்குப் பொறாமை இருந்ததே இல்லை. தன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மங்கலாகத் தெரிந்தது, தம்பியின் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதே என்ற பெருமைதான். அவனைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்தது அவர். பட்டத்தோடு வெளியே வந்தவன், அண்ணன் இத்தனை ஆண்டுகள் தேர்வெழுதி எட்டிய படிக்கும் மேற்படியில் நேராகக் காலை வைத்தான். அதற்கும் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டவர் அவர்தான்.

பிறகு ஒருநாள் அந்தத் தம்பியே அவருடைய கோட்டத்துக்குச் செயற்பொறியாளராக மாற்றலாகி வந்தான்.

"இனிமே தம்பிகிட்டதான் லீவு லெட்டர் நீட்டணுமா சார்?" என்று கேட்டார் அலுவலக உதவியாளர், சிரிப்பை அடக்கத் தெரியாமல்.

"நான் எப்பய்யா லீவு போட்டேன்?" என்றார் இவர்.

தம்பி உள்ளே நுழைந்தபோது அறையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றவர் அவர்தான். அன்று மாலை வீட்டில் தம்பி கூசிப்போய், "நீ எதுக்கு அண்ணே எந்திரிச்சே? எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றான்.

"நான் உனக்காக எந்திரிக்கலடா. அந்த நாற்காலிக்கு எந்திரிச்சேன்."

அதுவே வழக்கமாகிவிட்டது. வீட்டில் டா, அலுவலகத்தில் சார். அவர் இரண்டையும் ஒருநாளும் குழப்பியதில்லை. குழப்பியது தம்பிதான், அதுவும் ஒரே ஒரு தடவை.

அலுவலகத்தில் அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு விஷயம் உண்டு. வாய் உத்தரவை அவர் ஏற்க மாட்டார். "எழுதிக் குடுங்க சார், செய்யறேன்" என்பார். ஒப்பந்தக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். மேலதிகாரிகள் முகம் சுளித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பார்கள். பட்டம் இல்லாதவன் தப்புச் செய்தால் அது அறியாமை, பட்டம் இருப்பவன் செய்தால் அது அசம்பாவிதம் என்று உலகம் பேசும் என்பதை மை சுரண்டிய காலத்திலேயே தெரிந்துகொண்டவர் அவர். ஆகவே தன்னைச் சுற்றித் தாளால் ஒரு மதில் கட்டிக்கொண்டார்.

அந்த மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, முன்பு குப்பை கொட்டி மேடாக்கிய நிலத்தில் எழும்பியது. அப்படிப்பட்ட இடத்தில் கட்டிய தொட்டியில் முதல் தடவை தண்ணீர் விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கால்வாசி நிரப்பி நிறுத்த வேண்டும். சில நாள் பொறுத்து, ஒவ்வொரு தூணின் அடியிலும் மட்டம் பார்த்துக் குறிக்க வேண்டும். நிலம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல அமர்ந்திருந்தால் அடுத்த கால்வாசி. அவர் அதோடு இன்னொன்றையும் செய்வார். தண்ணீர் ஏறும் நேரம் முழுக்கத் தொட்டிக்கு நேர் கீழே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கட்டியவனே அடியில் உட்காரத் துணியாவிட்டால் பிறகு யார் நம்புவார்கள் என்பது அவர் கட்சி.

பாதி நிரம்பியபோது ஒரு மூலைத் தூண் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கியிருந்தது. இறக்கம் நகத்தின் பருமன்தான். ஆனாலும் பம்பை நிறுத்தச் சொன்னார். அளவைக் குறித்தார். மறுநாள் திறப்பு விழா, பெரிய மனிதர் வருகிறார், பந்தல் போட்டாகிவிட்டது. தம்பி ஜீப்பில் வந்து இறங்கினான்.

"ஏன் பம்பு நிக்குது?"

"ஒரு மூலை இறங்குது சார். பத்து நாளாவது விட்டுப் பாக்கணும்."

"நாளைக்கு அவர் வந்து பாதித் தொட்டியையா திறந்து வைப்பாரு? நிரப்புங்க."

"எழுதிக் குடுங்க சார்."

தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். பம்பு ஆள் தூரத்தில் பீடி புகைத்துக்கொண்டிருந்தான். தம்பி அருகில் வந்து அவர் தோளில் கை போட்டான். குரல் மாறியது.

"அண்ணே. எனக்கும் உனக்கும் நடுவுல எழுத்தாண்ணே? இது நடக்கலைன்னா என் தலைதான் உருளும். நிரப்பு. ஏதாவது ஆச்சுன்னா நான் நிக்கிறேன் முன்னால."

கோட்டத்தில் வேறு எவன் வந்து தோளில் கை போட்டிருந்தாலும் அவர் அசைந்திருக்க மாட்டார். அவர் அசைந்தது அந்த ஒரு 'அண்ணே'க்குத்தான். சார் என்று கூப்பிட வேண்டிய இடத்தில் அவரும் தம்பியாக நினைத்துவிட்டார். எழுத்து வாங்காமல் பம்பைப் போடச் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டு அடியில் உட்கார்ந்துகொண்டார்.

விழா முடிந்த மறுநாள் தொட்டி சாய்ந்தது. விழவில்லை, சாய்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை. தொட்டியைக் காலி செய்தார்கள். இடிக்க உத்தரவு வருவதற்குப் பல மாதங்கள் பிடித்தன. அதுவரை, சபையில் தூங்கி வழிகிறவனைப் போல, அது வானத்தில் ஒருக்களித்து நின்றுகொண்டிருந்தது.

விசாரணையில் அவர் தன் கோப்புகளை அடுக்கினார். நிலத்தைப் பற்றி அவர் எழுதிய எச்சரிக்கை, கால்வாசிக்கு எடுத்த அளவு, பாதிக்கு எடுத்த அளவு, எல்லாம் இருந்தன. குழுத் தலைவர் பொறுமையாகப் புரட்டினார்.

"மூலை இறங்குதுன்னு நீங்களே உங்க கையால எழுதியிருக்கீங்க. அப்புறமும் ஏன் நிரப்பினீங்க?"

"செயற்பொறியாளர் சொன்னார்."

"எங்க அந்த உத்தரவு?"

"வாயால சொன்னார்."

குழுத் தலைவர் கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தார். "சிமெண்டு மூட்டையை எண்ணினதுக்குக்கூட உங்ககிட்ட காகிதம் இருக்கு. இதுக்கு மட்டும் இல்லையா?"

தாளால் கட்டிய மதில் அவர் மேலேயே சரிந்தது. இறக்கத்தை அவர் குறிக்காமல் விட்டிருந்தால், தெரியாது என்றாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அடுத்ததாகத் தம்பியைக் கூப்பிட்டார்கள். தம்பி அண்ணன் பக்கம் திரும்பாமல், "அப்படி ஓர் உத்தரவு கொடுத்ததாக எனக்கு நினைவில்லை" என்றான். பேச்சுத் தமிழில்கூட இல்லை. எழுதி மனப்பாடம் செய்த தமிழில்.

பணிநீக்கம் என்று முதலில் பரிந்துரைத்தார்கள். தம்பி மேலே போய்ப் பேசி, பதவி உயர்வு இல்லை என்ற அளவில் அதைக் குறைத்தான். உதவிப் பொறியாளராகவே அவர் ஓய்வுபெற்றார். இடித்த பிறகும் அந்த இடத்துப் பேருந்து நிறுத்தத்துக்குச் 'சாய்ஞ்ச தொட்டி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நடத்துநர் ஒவ்வொரு நடையிலும் அதைக் கூவினார். மகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். "உங்கப்பா பேர்ல ஸ்டாப்பிங்கே வந்துடுச்சாமே" என்று வகுப்பில் கேட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து அழவில்லை. சித்தப்பா வீட்டுக்குப் போய் அழுதாள்.

அதற்குப் பிறகும் அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பேசினார்கள். நல்லது கெட்டதுக்குப் போய் வந்தார்கள். தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் மூத்தவர் மனைவியைக் கடைக்கு அனுப்புவார், வானொலியை அணைப்பார், நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்காருவார். சொல்வதற்கு இடம் செய்து கொடுப்பார். தம்பி தன் இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போவான். ஒரே ஒரு வாக்கியம். அதற்காக அவர் கிழவனாகும்வரை காத்திருந்தார். தம்பி அதையும் எடுத்துக்கொண்டே போய்விட்டான்.

பென்சில் ஐந்தாம் பக்கத்தில் நின்றது. 'தமையனின் பொறுப்பில் இருந்த தொட்டி சாய்ந்த சோதனைக் காலத்தில், அவருடைய வேலை போகாமல் காத்தவர் இவரே.'

அவர் அந்த வரியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டார். கோணல் இல்லாத கட்டம்.

"இதை எடு."

மகள் எட்டிப் பார்த்தாள். "அது தேதி இல்லையேப்பா."

"எடுன்னேன்."

"நல்லதாத்தானே எழுதியிருக்கேன். அதுல பொய் ஒண்ணும் இல்லை. தொட்டி உங்க பொறுப்புலதான் இருந்துச்சு. சாய்ஞ்சுது. வேலை போகாம பாத்துக்கிட்டது சித்தப்பாதான். எந்த வார்த்தை தப்பு, காட்டுங்க."

அவர் மறுபடி படித்தார். வார்த்தை வார்த்தையாகத் தட்டிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. ஒவ்வொன்றும் ஆதாரத்தோடு உட்கார்ந்திருந்தது. இப்படி எழுதக் கற்றது யாரிடம் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"நிரப்பச் சொன்னது அவன்" என்றார். மகளிடம் அதை அவர் சொன்னது அதுவே முதல் தடவை. பெற்ற பிள்ளையிடம் ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது என்று இத்தனை காலம் வாயைக் கட்டி வைத்திருந்தார். "தோளில கை போட்டுச் சொன்னான். நான் எழுதி வாங்கல."

மகள் திடுக்கிடவில்லை. தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள்.

"தெரியும்ப்பா."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியில சொன்னார். சித்தி மருந்து வாங்கக் கீழ போயிருந்தாங்க. 'நிரப்பச் சொன்னது நான்தான், உங்கப்பா வேண்டாம்னுதான் சொன்னாரு'ன்னு சொல்லி அழுதார். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கையைப் பிடிச்சு வாக்கு வாங்கிக்கிட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? உடம்பெல்லாம் ட்யூபு. மன்னிச்சுட்டேன் சித்தப்பான்னேன். அப்பாவும் மன்னிச்சிருப்பாருன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்கிட்ட சொல்லணும்னு அவனுக்குத் தோணலியா?"

மகள் தயங்கினாள். "நான் கேட்டேன். அப்பாவைக் கூப்பிடட்டுமான்னு. வேண்டாம்மா, அண்ணன் அதையும் எழுதிக் குடுன்னு கேப்பாருன்னு சொல்லிச் சிரிச்சார். விளையாட்டாத்தான்."

மேசைமேல் ஓர் ஈ தாளில் உட்கார்ந்து எழுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட கேக்க வேண்டிய மன்னிப்பை உன்கிட்ட கேட்டான். நான் குடுக்க வேண்டியதை நீ எடுத்துக் குடுத்துட்டே. நல்லா இருக்கும்மா. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வெச்சுக்காமலே கணக்கை முடிச்சிட்டீங்க."

"சாகப்போற மனுஷன்ப்பா."

"நானும் அந்தப் பக்கம்தான் போய்க்கிட்டிருக்கேன்." இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன் வைத்தார். "அவன் சொன்னதை அப்படியே எழுது. அவன் பேச்சுலயே எழுது. கீழ கையெழுத்துப் போடு. யாருக்கும் காட்ட மாட்டேன்."

"மாட்டேன்."

"எனக்கு மட்டும்தான்."

"என்னை நம்பிச் சொன்னார்ப்பா. அது சாட்சி சொன்னது இல்லை. அதை நான் சாட்சியா மாத்த மாட்டேன்." அவள் எழுந்துவிட்டாள். "இந்த வரியை எடுத்துடறேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

மனைவி ஈரக் கையோடு வாசற்படியில் நின்றாள். "அவ எடுக்கறேங்கறா இல்ல, விடுங்களேன்."

"நீயும் முன்னாடியே கேட்டதுதானா இது?"

"இல்லீங்க. ஆனா கேட்டிருந்தாலும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் அவள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

நினைவுக் கூட்டத்துக்குப் போகக்கூடாது என்றுதான் இருந்தார். அண்ணன் வராவிட்டால் ஊர் நாலு விதமாகப் பேசும் என்று மனைவி சட்டையை எடுத்து வைத்தாள். போனார். வாசலில் புத்தகம் கொடுத்தார்கள். ஐந்தாம் பக்கத்தை முதலில் திறந்தார். வரி இல்லை. மகள் சொன்னபடி செய்திருந்தாள். அவர் மனம் கொஞ்சம் இறங்கி வந்தது. பேசக் கூப்பிட்டால் சொல்வதற்கு நாலு நல்ல வாக்கியங்களைச் சட்டைப்பையில் எழுதி வைத்திருந்தார். அம்மோனியாச் சட்டையும் தம்பி பிடித்த மூக்கும் அவற்றில் இருந்தன.

அவருக்கு முன்னால் பேச வந்தவர் அந்தப் பழைய விசாரணைக் குழுத் தலைவர். கைத்தடியோடு மேடை ஏறினார். வயது அவருக்கு நகைச்சுவையைக் கொடுத்திருந்தது.

"தம்பி எப்பேர்ப்பட்டவருன்னு ஒரே வரியில சொல்றேன். அண்ணன் தொட்டியைச் சாய்ச்சார். தம்பி அண்ணனைச் சாயாம நிறுத்தினார்!"

கூடம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. இறந்தவரை அன்போடு நினைத்துக்கொண்ட சிரிப்பு. முன் வரிசையில் இருந்த சிலர் மூத்தவரைத் திரும்பிப் பார்த்து, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதுபோலத் தலையசைத்தார்கள். மகள் சித்தியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்தவர்களை நிறுத்தவும் இல்லை.

அடுத்து அவர் பெயரை அழைத்தார்கள். சட்டைப்பையில் இருந்த தாளை அவர் எடுக்கவில்லை.

"அந்தத் தொட்டியை நிரப்ப வேண்டாம்னு நான் சொன்னேன். நிரப்பச் சொன்னது என் தம்பி. விசாரணையில என்கிட்ட ஆதாரம் இல்லை. இப்ப இருக்கு. சாகறதுக்கு முன்னாடி என் மகள்கிட்ட அவனே சொல்லியிருக்கான். அவ இங்கதான் உக்காந்திருக்கா. கேளுங்க."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. எல்லாத் தலைகளும் ஒரு பக்கம் திரும்பின. சித்தி மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. அவர் இரண்டையும் படித்தார். ஆனாலும் மேடையிலிருந்து இறங்கவில்லை. ஒலிபெருக்கியைப் பிடித்தபடி நின்றார்.

"ஆமா" என்றாள் அவள், உட்கார்ந்தபடியே. "சொன்னார்."

அவ்வளவுதான். கிழவனாகும்வரை காத்திருந்தது, தண்ணீர்ச் சொட்டு விழுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. குழுத் தலைவர் கைத்தடியின் பிடியைத் தடவினார். சித்தி தன் கையை மகளின் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள்.

வாசலில் சித்தி அவரை நிறுத்தினாள். கண் வற்றிப்போயிருந்தது.

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நாள் கெடச்சுதா அத்தான்?"

"இதுக்கு முன்னாடி சாட்சி இல்லம்மா" என்றார். சரியான பதில். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட பதில் என்று அவருக்கே கேட்டது.

மகள் அன்று அவர்களோடு வண்டியில் வரவில்லை. அம்மாவிடம் மட்டும் வந்து, "என்னை வார்த்தை தவற வெச்சிட்டார்மா. கேட்டிருந்தா ஒருவேளை யோசிச்சிருப்பேன். கேக்காம கூண்டுல ஏத்திட்டார்" என்று சொல்லிவிட்டுத் தெரு திரும்பினாள். மனைவி அதை ஒரு சொல் குறைக்காமல் அவரிடம் சொன்னாள். கேட்டேனே, தாளைக்கூட வைத்தேனே என்று அவர் ஆரம்பித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

சித்தி வீட்டுக் கதவு மகளுக்கு அடைபட்டது. அவருடைய வீட்டுக் கதவை மகள் தானே அடைத்துக்கொண்டாள். பழைய அலுவலக நண்பர்கள் சிலர் வந்து, எங்களுக்கு அப்பவே சந்தேகம்தான் சார் என்றார்கள். அப்பவே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டதும் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். மகளிடமிருந்து தொலைபேசி வருகிறது என்பதை, நடை முடிந்து வீடு திரும்பும்போது மனைவியின் முகத்தில் இருக்கும் தெளிவை வைத்து அவர் ஊகித்துக்கொள்வார். அவர் வெளியே போகும் நேரம் பார்த்துத்தான் அழைப்பு வரும்.

ஒரு மாலை மழை பிடித்துக்கொண்டது. அவர் நடைக்குப் போகவில்லை. தொலைபேசி அடித்தது. மனைவிக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் ஒலியைக் கூட்டி வைத்துத்தான் பேசுவாள்.

"அப்பா?" என்று கேட்டது மகளின் குரல்.

மனைவி எதிர் நாற்காலியில் இருந்த அவரை நேராகப் பார்த்தாள்.

"அவர் வெளிய போயிருக்கார். நீ பேசு."

மகள் பேசினாள். கல்லூரியில் யாரோ மேசையைப் பூட்டிச் சாவியைத் தொலைத்த கதை. நடுவில் ஒருமுறை சிரித்தாள். அவருக்குத் தொண்டையில் இருமல் முட்டியது. மேல்துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, நாற்காலி சத்தம் போட்டுவிடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.